மஜூரோவில் மூணு மாச வேலை: தீவோட திருநாள்களைப் பாத்து எந்த மாசம் கிளம்பறது?

ஊதியூர் செல்வன்

வணக்கமுங்க. காங்கேயத்துல எக்ஸ்பெல்லர் செய்யற பட்டறையில இருந்து நாங்க நாலு பேரு பசிபிக் கடல்ல இருக்கற மார்ஷல் தீவுகளோட தலைநகர் மஜூரோவுக்குப் போறோமுங்க. கொப்பரை ஆட்டற மெஷினை இறக்கி, மட்டம் பாத்து நிறுத்தி, ஓட்டிக்காட்டி, அங்க இருக்கற ஆளுகளுக்குப் பழக்கிக் கொடுத்துட்டு வரோணும். மூணு மாசம் ஆகும்னு கணக்கு. எந்த மூணு மாசம்ங்கறதை எங்க முடிவுக்கே விட்டுட்டாங்க. சித்திரையில கண்ணபுரம் தேருக்கு நாலு பேரும் ஊர்ல இருந்தாகோணும், அதுல மட்டும் மாத்தம் இல்லீங்க.

அங்க வருசத்துல எந்தெந்த நாள் விசேசம், எப்ப வேலை நடக்காது? ஊர்க்காரங்க கூப்பிட்டா எப்படி நடந்துக்கோணும், கையில என்ன கொண்டு போகோணும்? எங்கள்ல ரெண்டு பேரு சுத்த சைவம், அவங்களுக்கு விருந்துல என்ன கிடைக்கும்? லீவு விட்டா ரூம்ல படுத்துக்கற ஆளுக இல்லீங்க நாங்க. கூட நின்னு பாக்கோணும்னு ஆசை. தெரிஞ்சவங்க விவரமாச் சொல்லுங்க.

நொய்யல்கரை

தம்பி, முதல்ல நாள் கணக்கைப் புடிச்சுக்குங்க. அங்க பல விடுமுறை தேதியில வராது, வெள்ளிக்கிழமையில வரும். ஜூலை முதல் வெள்ளி மீனவர் நாள். செப்டம்பர் முதல் வெள்ளி உழைப்பாளர் நாள். செப்டம்பர் கடைசி வெள்ளி மானித் நாள், அது அவங்க பண்பாட்டுக்கான நாள். டிசம்பர் முதல் வெள்ளி நற்செய்தி நாள். 1857-ல எபோன் தீவுல மிஷனரிக வந்து இறங்குனதுல இருந்து கிறிஸ்தவம் அங்க வேர் புடிச்சுது, அதோட நினைவு. தேதி மாறாம வர்றது மார்ச் 1, மே 1, நவம்பர் 17, கிறிஸ்துமஸ், புத்தாண்டு. புனித வெள்ளியும் லீவுதான்.

மே 1-ஐ நம்மூரு மே தினம்னு நினைச்சுக்காதீங்க. 1979-ல அவங்க அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த நாள் அது. நவம்பர் 17 அதிபர் நாள். முதல் அதிபர் அமாடா கபுவா பொறந்த தேதி. நீங்க இறங்கற விமான நிலையத்துக்கும் அவரு பேருதான்.

மார்ச் 1 திருநாள் இல்லை, துக்க நாள். 1954-ல அதே தேதியில அமெரிக்கா அங்க பிகினி தீவுல வெடிச்ச பிராவோ ஹைட்ரஜன் குண்டு 15 மெகாடன். அதோட சாம்பல் ரோங்கலாப், உட்டிரிக் தீவு சனங்க மேல விழுந்துச்சு. 1946-ல இருந்து 1958 வரைக்கும் மார்ஷல் தீவுகள்ல மொத்தம் 67 அணுகுண்டு சோதனை. மஜூரோவுல ஊர்வலம் போவாங்க, மலர்வளையம் வைப்பாங்க, தப்பிப் பொழைச்சவங்களோட குடும்பத்துக்காரங்க பேசுவாங்க. அன்னைக்கு அங்க இருந்தா நாலு பேரும் போயி நில்லுங்க. சாதாரண சட்டை போதும். போனைத் தூக்கிப் புடிச்சுப் படம் எடுக்கறது, "உங்க வீட்ல யாருக்குப் பாதிப்பு"ன்னு எடுத்தவுடனே கேக்கறது, ரெண்டும் வேண்டாம். அவங்களே சொன்னாக் கேட்டுக்குங்க.

இனி வேலைக் கணக்கு. வெள்ளி லீவுன்னா சனி, ஞாயிறும் சேந்து மூணு நாள் போச்சு. ஞாயித்துக்கிழமை சர்ச்சு நாள், அன்னைக்குக் கிரைண்டர், சம்மட்டிச் சத்தம் ஆகவே ஆகாது. அதனால லீவு வர்ற வாரத்துல கிரேன் வேலையைப் புதன்கிழமைக்குள்ள முடிச்சுடுங்க. வியாழக்கிழமை மத்தியானத்துக்கு மேல ஆள் கெடைக்கும்னு நம்பி எதையும் பாதியில தொங்கவிடாதீங்க. அஸ்திவாரக் கான்கிரீட் போடறதுக்கு அதே வாரம் தோதான வாரம். புதன் போட்டுட்டா மூணு நாளும் கூரிங்குக்கு, அதாவது ஈரத்துல வெச்சு இறுக விடறதுக்கு ஆச்சு. ஆனா தண்ணி ஊத்த ஆள் வருவாங்கன்னு விட்டுடாதீங்க. நனைச்ச சாக்கைப் போத்தி, காலையும் சாயங்காலமும் நீங்களே போயி ஊத்தோணும். வெயிலும் உப்புக்காத்தும் மேல்தோலைச் சீக்கிரம் காய வெச்சு வெடிப்பு விட்டுடும். கலவைக்கு நல்ல தண்ணிதான் ஊத்தோணும். அங்க மணல், ஜல்லி எல்லாமே பவழத்துல வர்றது, உப்பு கழுவுன சரக்கான்னு கேட்டு வாங்குங்க. இல்லாட்டி உள்ள இருக்கற கம்பியும் ஆங்கர் போல்ட்டும் துருப்புடிச்சுப் போகும்.

என் யோசனை: ஜூலை மீனவர் நாள் கழிஞ்சு இறங்குங்க, மானித் நாளைப் பாத்துட்டு அக்டோபர் நடுவுல கிளம்புங்க.

மலர்விழி அவிநாசி

விருந்து, மரியாதை பற்றிக் கேட்டதற்குச் சொல்கிறேன், தம்பி.

மஜூரோவில் உங்களுக்கு முதலில் வரக்கூடிய அழைப்பு அரசு விழாவுக்காக இருக்காது, கீமெமுக்காக இருக்கும். குழந்தையின் முதல் பிறந்தநாள். கைக்குழந்தைகள் ஓராண்டு தாண்டுவதே பெரும்பாடாக இருந்த காலத்திலிருந்து வருவதால், அங்கே கல்யாணத்தைவிட இதற்குத்தான் கூட்டம். எந்த மாதம் போனாலும் ஒன்றாவது வரும். கூடவே வேலை செய்கிறவர் கூப்பிட்டால் போகாமல் இருக்காதீர்கள்.

அழைப்பில் ஆறு மணி என்றிருந்தால் ஆறுக்குப் போய் உட்காருங்கள், தொடங்க நேரமாகும். முதலில் ஜெபம், பாட்டு, பிறகு பேச்சு. அது முடியும்வரை கண்ணெதிரே பண்டம் இருந்தாலும் யாரும் தொடமாட்டார்கள். இரோய்ஜ் எனப்படும் பாரம்பரியத் தலைவர், போதகர், முதியவர்கள் முதலில் எடுப்பார்கள். விருந்தாளி என்று உங்களையும் முன்னால் கூப்பிட்டால் "பரவாயில்லை, பிறகு" என்று பின்வாங்க வேண்டாம். உங்களுக்காக வரிசை காத்து நிற்கும். தென்னங்கீற்றில் முடைந்த தட்டிலோ டப்பாவிலோ ஒருவர் சாப்பிட முடியாத அளவுக்குக் குவித்துத் தருவார்கள். மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுபோவதுதான் முறை. அங்கேயே வைத்துவிட்டு வந்தால் கொடுத்ததை ஏற்கவில்லை என்றாகிவிடும். ஒரு துணிப்பை கையோடு இருக்கட்டும்.

தலைக்குப் பூவளையமோ கழுத்துக்குச் சிப்பி மாலையோ போட்டால் முடியும்வரை கழற்றாதீர்கள். தரையில் உட்கார்ந்திருப்பவர்களைத் தாண்டிக் கால் வைக்கக் கூடாது. நடுவே போகவேண்டுமென்றால் குனிந்து போங்கள். குழந்தையானாலும் தலையைத் தொட்டுக் கொஞ்ச வேண்டாம். பெண்கள் முழங்கால் மறைய உடுத்துவார்கள், ஆண்கள் சட்டையில்லாமல் ஊருக்குள் நடப்பது நன்றாக இருக்காது. பார்த்தவுடன் "யோக்வே" சொல்லுங்கள், நன்றிக்குக் "கொம்மோல் டாட்டா".

சைவக்காரர்கள் பட்டினி கிடக்க மாட்டார்கள், ஆனால் முன்கூட்டியே சொல்லவேண்டும். சோறு, ஈரப்பலா (சீமைப்பலா), வாழைப்பழம், பூசணி, இளநீர், தாழம்பழம் எல்லாம் உண்டு. சிக்கல் என்னவென்றால் ஒரே தட்டில் சோற்றின்மேல் மீனும் பன்றிக்கறியும் சேர்த்து வைத்துவிடுவார்கள். முதல் நாளே அந்த வீட்டுப் பெண்களிடம் சொல்லிவிட்டால் தனித்தட்டு வரும். கரியில் சுட்ட முழு ஈரப்பலா அவர்களுக்கு மிகவும் பாதுகாப்பானது. தோல் கருகும்வரை சுட்டுச் சுரண்டி எடுப்பதால் வேறெதுவும் கலக்க வழியில்லை. மண்ணடுப்பில் சூடான கற்களுக்கிடையே வைத்து மூடி வேகவைத்தது என்றால் கேட்டுக்கொள்ளுங்கள், கறியும் அதே குழியில்தான் வெந்திருக்கும்.

ஈரப்பலா மே முதல் ஆகஸ்டு வரை மிகுதியாகக் காய்க்கும். மிஞ்சுவதைப் பிரோ என்று புளிக்கவைத்துச் சேமிப்பார்கள். தோல் சீவி, நறுக்கி, கடல்நீரில் ஊறப்போட்டு, இலை விரித்த குழியில் மூடிவைக்கிறார்கள். காற்றும் மழைநீரும் புகாமல் மூடியிருந்தால் மாதக்கணக்கில் கெடாது. புகுந்தால் பூஞ்சை பிடித்துவிடும். பிறகு எடுத்து நல்ல தண்ணீரில் அலசிப் பிசைந்து, தேங்காய்ப்பால் சேர்த்து, ஈரப்பலா இலையிலேயே கட்டிச் சுடுவார்கள். நம் ஊர்ப் புளிச்ச மாவு பழகிய நாக்குக்கு அது உடனே ஒட்டும்.

கையில் கொண்டுபோக: கீமெமுக்குப் பணம், துணி, அரிசி மூட்டை எதுவும் பொருந்தும். ஊரிலிருந்தே எடுத்துப்போக வேண்டுமானால் சென்னிமலைப் போர்வையும் நல்ல பருத்தித் துண்டும் போதும், நனையாமல் பாலித்தீனில் சுற்றிக்கொள்ளுங்கள். தேங்காய், கொப்பரை, விதை, வேப்பிலை, பச்சைப் பொருள் எதையும் பெட்டியில் வைக்காதீர்கள், சோதனையில் பறிபோகும். பூச்சியும் நோயும் போனால் தென்னையை நம்பியிருக்கும் தீவுக்குப் பிழைப்பே போய்விடும். மதுப்புட்டி பரிசாகவே வேண்டாம். வெளித்தீவுகள் பலவற்றில் மதுவுக்கே தடை.

நொய்யல்கரை அண்ணா ஜூலை என்கிறார். நான் அக்டோபர் தொடங்கி டிசம்பர் என்பேன். மார்ஷல் மக்களின் ஆண்டில் உச்சம் குரிஸ்மஸ், அதாவது கிறிஸ்துமஸ்தான். ஜெப்டா எனப்படும் குழுக்களாகச் சர்ச் மக்கள் பிரிந்துகொண்டு, வாரக்கணக்காக இரவில் பாட்டும் அடவும் பழகுவார்கள். டிசம்பர் 25 அன்று ஒவ்வொரு ஜெப்டாவும் ஒரே துணியில் தைத்த உடையில் வரிசையாக ஆடிக்கொண்டே உள்ளே வரும். பாடி, ஆடி, காணிக்கை வைக்கும். காலையில் தொடங்கினால் இரவும் ஆகிவிடும். எனிவெடாக் மக்களிடம் இன்னொன்று பேர்போனது: வோஜ்கே என்ற மரம். கப்பல் போலவோ குண்டு போலவோ ஒரு கூடு செய்து, அதற்குள் பணத்தாள்கள் கோத்த மரத்தை மறைத்துவைத்து, கூட்டத்தின் நடுவே வெடியோடு திறப்பார்கள். பணம் சர்ச்சுக்குப் போகும். எந்த வடிவம் என்பதைக் கடைசிவரை மற்றக் குழுக்களுக்குத் தெரியாமல் காப்பாற்றுவார்கள். இதைப் பார்க்காமல் அந்தத் தீவிலிருந்து திரும்புவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஆழியாறு கயிறு

மானித் நாளைப் பத்தி நொய்யல்கரை போற போக்குல சொல்லிட்டாரு. தென்னையில பொழைக்கற நமக்கு அதுதானுங்க பாக்க வேண்டிய நாள்.

அந்த வாரம் பூரா கைவேலைதான். தேங்காய் உரிக்கற போட்டி, மரமேறறது, பச்சை மட்டையில கூடை முடையறது, தாழை ஓலையில பாய், விசிறி பின்றது, தாழம்பழத்தை வேகவெச்சு வழிச்சுக் காயவெச்சு உருட்டற ஜான்குன். கூடைக்கு மட்டையை நடுநரம்போட ரெண்டாப் பொளந்து, நரம்புல ஒரு பட்டையை மட்டும் விளிம்பா நிறுத்திக்குவாங்க. ஓலையை ஒண்ணு மேல ஒண்ணு கீழன்னு சாய்ச்சுப் பின்னி, அடியில ஜடை போட்டு முடிவாங்க. நம்ம கீத்து பட்டையா இருக்கும், கூரைக்கு. அவங்களுது மூட்டை சொமக்கற பாத்திரம். உங்க ஆளுகள்ல கீத்து முடையத் தெரிஞ்சவங்க இருந்தா உக்காந்து பின்னிக் காட்டுங்க. பேச்சு தானா வளரும்.

படகைப் பாக்காம வந்துடாதீங்க. 1989-ல ஆரம்பிச்ச "வான் ஏலோன் இன் மாஜெல்" அமைப்பு மஜூரோவுலயே இளவட்டங்களுக்கு மரபுப் படகு கட்டச் சொல்லிக்கொடுக்குது. விழா நாள்ல காயல்ல படகுப் போட்டி நடந்தா, கரையில நின்னு ஒரு விசயத்தைக் கவனிங்க. பக்கத்துல நீட்டியிருக்கற மிதவைக்கட்டை எப்பவும் காத்து வர்ற பக்கந்தான் இருக்கும். அதனால திரும்போணும்னா படகைச் சுத்தமாட்டாங்க, காத்துப் புடிக்கற பாயையே இந்த முனையில இருந்து அந்த முனைக்குத் தூக்கிட்டுப் போயி மாட்டுவாங்க. முன்பக்கம் பின்பக்கமாயிரும். தோக்கறவங்க பெரும்பாலும் அந்த எடத்துலதான் தோப்பாங்க. மாத்தறதுக்குள்ள காத்து பாயோட மறுபக்கம் புடிச்சுதுன்னா பாய் மரத்தோட ஒட்டிக்கும், மிதவை தண்ணிக்குள்ள அமுங்கும், படகு நின்னு போகும்.

அடிமரம் ஈரப்பலா. பழைய முறையில ஆணி கெடையாது, எல்லாம் தேங்காய்நார்க் கட்டு. நம்ம பக்கம் மட்டையை மெஷின்ல அடிச்சுப் பழுப்பு நார் எடுக்கறோம். அவங்க மட்டையைக் காயல் மணல்ல புதைச்சு ஊறவெச்சு, கட்டையால அடிச்சு, அலசிக் காயவெச்சு, தொடையில உருட்டித் திரிப்பாங்க. உப்புத்தண்ணியில ஊறுன நார் ஈரம் பட்டா இறுகும், காஞ்சா லேசாத் தளரும். அலையில படகு நெளியறப்ப கட்டு கூடவே நெளியறதால மரம் வெடிக்காது. ஆணி அடிச்சா துளையைச் சுத்தி விரிசல் ஓடிரும். கயிறு பிசினசுல இருக்கற யாரும் இதைக் கையில தொட்டுப் பாக்கோணுமுங்க.

ஒரு எச்சரிக்கை. மஜூரோ ஒரு பவழ வளையம், ரீட்டாவுல இருந்து லாரா வரைக்கும் ஒரே ரோடு, ஏறக்குறைய 48 கிலோமீட்டர். கடற்கரை காலியாத்தானே கெடக்குன்னு எறங்கிடாதீங்க. நிலம் ஒவ்வொண்ணுக்கும் இரோய்ஜ், ஆலாப்னு உரிமைக்காரங்க இருக்காங்க. அங்க இருக்கற வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு எறங்கினா யாரும் வேண்டாம்னு சொல்லமாட்டாங்க.

ஊதியூர் செல்வன்

ரொம்ப நன்றீங்க எல்லாத்துக்கும். மலர்விழி அக்கா சொன்ன டிசம்பரும் மனசை இழுக்குது. நொய்யல்கரை அண்ணா, அக்டோபர்ல போயி கிறிஸ்துமஸ் முடிச்சுட்டு வந்தா வேலைக்கு என்ன கெடுதல்? இல்லாட்டி ஜனவரியில போயி மார்ச் கடைசியில திரும்பினா தேருக்கும் வந்து சேந்துடலாமே?

நொய்யல்கரை

ஜனவரி-மார்ச்சுல மழை கம்மி, அது ஒண்ணுதான் லாபம். வருசத்துக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல பெய்யற ஊரு, மழைத்தண்ணியைத்தான் புடிச்சு வெச்சுக் குடிக்கறாங்க. அந்த மூணு மாசம் வறண்டா கூரிங்குக்கே தண்ணி கேக்கச் சங்கடமா இருக்கும். திருநாளும் புத்தாண்டு தவிர பெருசா ஒண்ணும் இல்லை, மார்ச் 1 துக்க நாள். அதோட மெஷின் ஒரு வாரம் இழுத்துதுன்னா தேரு போச்சு.

அக்டோபர்-டிசம்பர்ல கெடுதல், நீங்க கடைசியாச் செய்யற வேலையில வரும். மெஷின் நிறுத்தறது உங்க நாலு பேரு கையில இருக்கு. ஆளுகளுக்குப் பழக்கறது அவங்க கையிலயும் இருக்கு. நவம்பர் பாதிக்கு மேல ராத்திரி ஜெப்டா பயிற்சி, காலையில கண்ணு சொக்கும். கொப்பரையை நசுக்கிப் பிழியற, சூடா இருக்கற கேஜுக்குப் பக்கத்துல தூக்கக் கலக்கத்துல நிக்கறவனை வெச்சுப் பழக்கக் கூடாது. பயிற்சியை விட்டுட்டு வான்னும் கேக்கக் கூடாது, அது அவங்க சர்ச்சுக்குத் தர்ற வாக்கு. வெளித்தீவுல இருந்து கொப்பரை கப்பல்லதான் வரோணும். கப்பல் தள்ளிப் போச்சுன்னா ஆட்டிக்காட்டச் சரக்கே இருக்காது.

மலர்விழி அவிநாசி

தூக்கக் கலக்கம் பற்றி அண்ணா சொன்னது சரி, ஒத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் ஒரு வழி இருக்கிறது. செப்டம்பர் நடுவில் இறங்குங்கள். மானித் வாரம் கண்டெய்னர் பிரிக்கும் நேரமாக இருக்கும், அதிகம் கெடாது. நவம்பர் 17-க்குள் ஓட்டிக்காட்டி, பழக்கிவிட வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். டிசம்பர் முதல் வெள்ளிக்குப் பிறகு பராமரிப்பு மட்டும். அதற்கு ஒருவர் தங்கினால் போதும், அவர் குரிஸ்மஸ் பார்த்துவிட்டு வரட்டும். மற்ற மூவருக்கும் மானித் கிடைத்துவிடும், பயிற்சி இரவுகளும் கிடைக்கும். பயிற்சிக்குப் போய் ஓரமாக உட்கார யாரும் தடை சொல்லமாட்டார்கள். போகும்போது எல்லாரும் பகிர்ந்து சாப்பிட ஏதாவது கொண்டுபோங்கள். ஆனால் தீபாவளி அங்கேதான் போகும், வீட்டில் கேட்டுக்கொண்டு முடிவெடுங்கள்.

பல்லடம் மோட்டார்

திருநாள் பத்தி எனக்குச் சேத்துச் சொல்ல ஒண்ணுமில்லீங்க, ஆனா மூணு விசயம் இதுக்குள்ளயே அடங்குது.

அங்க கரண்ட் 60 ஹெர்ட்ஸ், வீட்டு லைன் அமெரிக்காக் கணக்குல 110-120 வோல்ட். நம்ம 50 ஹெர்ட்ஸ் நாலு போல் மோட்டார் 1440 ஆர்.பி.எம். ஓடறது அங்க 1730 கிட்ட ஓடும். எக்ஸ்பெல்லர் தண்டு ஐந்துல ஒரு பங்கு வேகமா சுத்தினா கொப்பரை உள்ள தங்கற நேரம் கொறையும், புண்ணாக்குல எண்ணெய் நிக்கும், மோட்டார் ஆம்ப்ஸ் ஏறும். ஒண்ணு 60 ஹெர்ட்ஸ் மோட்டார் வாங்குங்க, இல்லாட்டி மோட்டார் புல்லியை ஆறுல ஒரு பங்கு சின்னதாக்குங்க. 6 அங்குலம்னா 5. வோல்ட்டேஜ் என்னன்னு அவங்க பிளான்ட்ல எழுதி வாங்கிட்டு அப்புறம் மோட்டார் ஆர்டர் போடுங்க. லீவுக்கு முந்தின நாள் இது தெரிஞ்சா மூணு நாள் கைகட்டி உக்காரோணும்.

நேரம். மஜூரோ நம்மளைவிட ஆறரை மணி நேரம் முன்னால. காங்கேயத்துல பட்டறை காலையில ஒன்பதரைக்குத் தெறந்தா அங்க சாயங்காலம் நாலு. அஞ்சு மணிக்கு அவங்க மூடினா பேச ஒரு மணி நேரந்தான். அவங்க வெள்ளி லீவு நம்ம வியாழன் சாயங்காலம் அஞ்சரைக்கே, இங்க வேலை முடியறப்பவே ஆரம்பிச்சுடும். அதனால உதிரி பாகம் வேணும்னா புதன்கிழமை காலையிலயே போன் வந்தாகோணும்.

வழி. குவாம் இல்லாட்டி ஹொனலுலு வழியா யுனைட்டெட் விமானத்துல போனா, மாறிப் போறதுக்கு மட்டும்னாலும் நாலு பேருக்கும் அமெரிக்க விசா வேணும். பிரிஸ்பேன், நவ்ரு, தரவா வழியா நவ்ரு ஏர்லைன்ஸ்ல போனா ஆஸ்திரேலியா டிரான்சிட் விசா. அமெரிக்க விசா நேர்காணல் தேதி எப்ப கெடைக்குதோ அதுதான் நீங்க ஜூலையா செப்டம்பரான்னு முடிவு பண்ணும். இந்த வாரமே விண்ணப்பம் போட்டுருங்க, மாசத்தை அப்புறம் பேசிக்கலாம்.